குழந்தைக்குத் துணை எங்கே? – அங்கத்தினர் கல்விப் பாடம்

தறியில் அச்சுப் பழுதானால் எந்தப் பட்டறைக்கு எடுத்துச் செல்ல வேண்டும் என்பது நெசவாளர் வீட்டுச் சிறுவனுக்கும் தெரியும். நெற்பயிரில் புகையான் விழுந்தால் எந்த அலுவலரைத் தேடிப் போக வேண்டும் என்பதை உழவர் அறிவார். பட்டு நூல் விலை ஏறினாலும் பயிர்க்கடன் தவணை தவறினாலும் சங்கத்தின் படியேறி விசாரிக்கும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. ஆனால், இரண்டு வயது நிறைந்தும் ஒரு சொல் பேசாத குழந்தையை, அல்லது கழுத்து நிற்காத குழந்தையை, எங்கே கொண்டு செல்வது என்று கேட்டால் நம்மில் பலர் விடை கூற இயலாமல் திகைக்கிறோம். "அப்பன் வழியில் எல்லாருமே தாமதமாகத்தான் பேசுவார்கள்" என்று ஒருவர் சொல்லுகிறார். "ஐந்து வயதில் தானாகச் சரியாகும்" என்று மற்றொருவர் ஆறுதல் கூறுகிறார். அவ்வாறு காத்திருக்கும்போதே பயன்மிக்க காலம் கழிந்துவிடுகிறது.

சிறப்புக் கவனிப்பு வேண்டும் குழந்தைகளுக்கான உதவிகள் நம் மாவட்டத்தில் இருக்கின்றன. ஆயினும் அவை ஒரே கூரையின் கீழ் இல்லை. சுகாதாரத் துறையில் ஒன்று, பள்ளிக் கல்வித் துறையில் ஒன்று, மாற்றுத்திறனாளிகள் நலத் துறையில் ஒன்று எனச் சிதறிக் கிடக்கின்றன. எந்தக் கதவை முதலில் தட்டுவது, அங்கே என்ன கேட்பது, வீடு திரும்பியபின் என்ன செய்வது, இவற்றில் சங்கத்தின் பங்கு யாது என்பனவற்றை எடுத்துக் கூறுவதே இப்பாடத்தின் நோக்கம். காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் சாலையில், சேயாற்றங்கரையில் உள்ள மாகறலையே நாம் எடுத்துக்காட்டாகக் கொள்வோம். தறியும் வயலும் அடுத்தடுத்துள்ள எந்த ஊருக்கும் இது பொருந்தும்.

யார் இக்குழந்தைகள்?

முற்காலத்தில் இக்குழந்தைகளைச் சுட்டுவதற்கு நம் தெருக்களில் வழங்கிய பெயர்கள் பல. அவற்றுள் அன்பான பெயர் ஒன்றேனும் இல்லை. அவற்றை மறுபடியும் எழுதிக் காட்ட வேண்டுவதில்லை. இன்று சட்டமும் அரசும் மாற்றுத்திறனாளி என்னும் சொல்லை ஆள்கின்றன. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டும் கணக்கில் கொண்டது. அதற்கு மாற்றாக 2016-இல் இயற்றப்பட்டு, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளை ஏற்றுக்கொண்டுள்ளது. பார்வை, செவி, கை கால் ஆகியவற்றின் குறைபாடுகளோடு மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், தசைச் சிதைவு நோய், கற்றல் குறைபாடு முதலியனவும் அதில் அடங்கும்.

இதனால் அங்கத்தினர்க்கு விளையும் பயன் என்ன? வெளித்தோற்றத்தில் எக்குறையும் இல்லாத ஒரு சிறுவன், நன்றாகப் பேசியும் ஓடியும் ஆடியும், எழுத்துகளை மட்டும் சேர்த்துப் படிக்க இயலாமல் ஆண்டுதோறும் அடிபடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவனை மக்கு என்று ஒதுக்கிவிடும் முன், அவனுக்குள்ளது கற்றல் குறைபாடாக இருக்கலாம் என்றும், அதற்கெனத் தனிப் பயிற்சி உண்டு என்றும் அறிதல் வேண்டும். தேர்வில் கூடுதல் நேரம் முதலிய சலுகைகளும் அத்தகைய மாணவர்க்கு உண்டு.

காலம் ஏன் முக்கியம்?

நாற்றங்காலில் நாற்று முற்றிவிட்டால், பின்னர் எவ்வளவு உரம் இட்டாலும் தூர் கட்டுவதில்லை. இது உழவர் கண்கூடாகக் காண்பது. குழந்தையின் மூளையும் முதல் சில ஆண்டுகளில் மிக விரைந்து வளர்கிறது. அக்காலத்தில் பெறும் பயிற்சி ஆழமாகப் பதிகிறது. அதன் பின்னரும் பயிற்சி பயன் தரும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் உழைப்புப் பன்மடங்காகிறது.

செவியின் நிலை இன்னும் தெளிவான சான்று. பிறவியிலேயே கேளாத குழந்தைக்கு வாயிலோ தொண்டையிலோ பெரும்பாலும் குறை ஏதும் இருப்பதில்லை. கேளாததனாலேயே பேச்சு வருவதில்லை. செவித்துணைக் கருவி போதாத குழந்தைகளுக்கு அறுவை மருத்துவத்தின் மூலம் காக்ளியர் கருவி பொருத்தும் முறை இருக்கிறது. இதற்குப் பல இலட்சம் ரூபாய் செலவாகும். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இது சேர்க்கப்பட்டுள்ளது; ஆனால் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கே உரியது. ஐந்து வயதில் தானாகச் சரியாகும் என்று காத்திருந்த குடும்பத்தினர், மருத்துவரைக் கண்டு சோதனைகளை முடிப்பதற்குள் அந்த வரம்பைக் கடந்துவிடக்கூடும். ஒரு சொல்லை நம்பிக் காத்திருந்ததன் விலை அக்குழந்தையின் பேச்சு.

நெருங்கிய உறவில் மணம் முடிக்கும் வழக்கமுள்ள குடும்பங்களில் பிறவிச் செவிட்டுத்தன்மை உள்ளிட்ட சில குறைபாடுகள் மிகுதியாகக் காணப்படுகின்றன என்பது மருத்துவர் கண்ட உண்மை. யாரையும் குற்றஞ்சாட்ட இதனைக் கூறவில்லை. அத்தகைய குடும்பத்தினர் குழந்தை பிறந்த உடனே செவிச் சோதனை செய்துகொள்வது நலம் என்பதற்காகவே கூறுகிறோம்.

தாய்மார் கவனிக்க வேண்டிய அடையாளங்களைச் சுருக்கமாகத் தருகிறோம்.

ஐந்து மாதத்திற்குள் கழுத்து நிற்க வேண்டும். ஆறு மாதத்திற்குள் ஒலி வந்த திசையில் திரும்ப வேண்டும். ஒன்பது மாத அளவில் பிடிப்பின்றி உட்கார வேண்டும். ஒரு வயதில் பேர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்க்க வேண்டும். ஒன்றரை வயதில் நடக்கவும், வேண்டிய பொருளை விரலால் சுட்டவும், சில சொற்களைச் சொல்லவும் வேண்டும். இரண்டு வயதில் "அம்மா வா", "பால் தா" என இரு சொற்களைச் சேர்க்க வேண்டும். முன்பு பேசிய சொற்களை ஒரு குழந்தை எந்த வயதில் இழந்தாலும் உடனே மருத்துவரை அணுக வேண்டும்.

திருவனந்தபுரத்தில் உள்ள குழந்தை வளர்ச்சி மையத்தினர் 1991-இல் இதற்கென ஓர் எளிய அட்டவணையை வகுத்தனர். பிறப்பு முதல் இரண்டு வயது வரை குழந்தை கற்கும் 17 செயல்கள் அதில் கோடுகளாக வரையப்பட்டிருக்கும். குழந்தையின் வயதுக்கு நேராக ஓர் எழுதுகோலையோ நூலையோ நெட்டாக வைத்தால், அதற்கு இடப்புறம் முடிந்துவிடும் செயல்களையெல்லாம் குழந்தை கற்றிருக்க வேண்டும். கல்லாதது ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். சோதிப்பதற்குச் சில நிமிடங்களே போதும். பாவில் ஓர் இழை அறுந்திருப்பதை ஒரு பார்வையில் காணும் கண்ணுடையவர்கள் நாம். நம் வீட்டுப் பெண்டிர்க்கு இவ்வட்டவணை எளிதில் கைவரும்.

ஓர் அடையாளம் தவறியதாலேயே குழந்தைக்குக் குறை உண்டு என்று முடிவு கட்டலாகாது. சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதே அதன் பொருள்.

தட்ட வேண்டிய கதவுகள்

முதற் கதவு நம் தெருவிலேயே இருக்கிறது. அது அங்கன்வாடி. தேசிய அளவில் 2013-இல் தொடங்கிய சிறார் நலத் திட்டத்தின்படி, மருத்துவக் குழு ஒன்று ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக் குழந்தைகளையும், ஆண்டுக்கு ஒருமுறை அரசுப் பள்ளி மாணவரையும் பார்வையிட வேண்டும். பிறவிக் குறை, சத்துக் குறை, குழந்தைப்பருவ நோய், வளர்ச்சித் தாமதம் என்னும் நால்வகைகளை அக்குழு சோதிக்கும். குழு வரும் நாளை அங்கன்வாடிப் பணியாளரிடமோ கிராம சுகாதாரச் செவிலியரிடமோ கேட்டறிந்து, அன்று குழந்தையைத் தவறாது கொண்டு செல்ல வேண்டும். உறவினர் கண்படுமே என்று அன்றைக்கு மட்டும் குழந்தையை வீட்டில் வைத்துப் பூட்டுவது, உதவி வாசல் தேடி வரும்போது கதவைச் சாத்துவதற்கு ஒப்பாகும்.

இரண்டாம் கதவு, மாவட்ட இடையீட்டுச் சேவை மையம். மருத்துவக் குழு கண்டறிந்த குழந்தைகள் இங்கே அனுப்பப்படுகின்றனர். குழந்தை மருத்துவர், இயன்முறை மருத்துவர், செவிச் சோதனையாளர், பேச்சுப் பயிற்சியாளர், உளவியலாளர் முதலியோர் ஒரே இடத்தில் பார்ப்பதற்காக வகுக்கப்பட்ட ஏற்பாடு இது. காஞ்சிபுரத்தில் உள்ள அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் விசாரித்தால் செல்ல வேண்டிய இடத்தைக் கூறுவர். மேற்சோதனை தேவைப்படுமானால் செங்கற்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, சென்னை எழும்பூரில் உள்ள அரசு குழந்தைகள் நல மருத்துவமனைக்கோ அனுப்புவர்.

மூன்றாம் கதவு பள்ளியைச் சார்ந்தது. ஒவ்வோர் ஒன்றியத்திலும் பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையம் உண்டு. அங்கே சிறப்புப் பயிற்றுநர்களும் இயன்முறை மருத்துவரும் இருக்கின்றனர். பள்ளிக்கு வரும் பிள்ளைகளுக்கு ஆசிரியருடன் சேர்ந்து உதவுவதும், படுக்கையை விட்டு எழ இயலாத பிள்ளைகளுக்கு வீட்டிற்கே வந்து பயிற்சி தருவதும் அவர்கள் பணி. கல்வி உரிமைச் சட்டத்திற்கு 2012-இல் கொண்டுவந்த திருத்தம், கடுமையான குறைபாடுடைய பிள்ளை வீட்டிலிருந்தே கல்வி பெறும் உரிமையை உறுதிப்படுத்தியது. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு, 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் குறைபாடுள்ள 6 முதல் 18 வயது வரையுள்ள எந்தப் பிள்ளைக்கும், அருகிலுள்ள பள்ளியிலோ தான் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெற உரிமை அளிக்கிறது. ஆகவே, "இப்பிள்ளையை இங்கே சேர்க்க இயலாது" என்று ஒரு பள்ளி கூறுமானால், பெற்றோர் தலைகுனிந்து திரும்ப வேண்டுவதில்லை. சட்டத்தின் பெயரைப் பணிவுடன் எடுத்துக் கூறி, வட்டார வள மையத்தைத் துணைக்கு அழைக்கலாம். செவித்திறன் குறைந்த பிள்ளைகளுக்கெனக் காஞ்சிபுரம் சதாவரத்தில் அரசுப் பள்ளி இருக்கிறது.

நான்காம் கதவு, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தைச் சார்ந்த மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரின் அலுவலகம். சக்கர நாற்காலி, செவித்துணைக் கருவி, நடைபயிற்சிக் கருவி, கல்வி உதவித்தொகை, பராமரிப்பு உதவித்தொகை ஆகிய யாவற்றிற்கும் விண்ணப்பிக்கும் இடம் இதுவே. அறிவுசார் குறைபாடு, தசைச் சிதைவு நோய், கடுமையான உடற்குறைபாடு முதலியன உடையோர்க்குப் பராமரிப்பு உதவித்தொகையாக மாதம் 2,000 ரூபாய் வழங்கும் திட்டம் தமிழ்நாட்டில் உண்டு. உலக வங்கியின் கடனுதவிக்கு 2022-இல் ஒப்புதல் பெற்ற தமிழ்நாடு உரிமைகள் திட்டத்தின் கீழ், பயிற்சியும் சிகிச்சையும் வீட்டிற்கு அருகிலேயே கிடைக்க வேண்டும் என்பதற்காக, 'விழுதுகள்' என்னும் ஒருங்கிணைந்த சேவை மையங்களும் அமைக்கப்பட்டு வருகின்றன. ஆலமரத்துக்கு விழுது இருப்பது போல் நம் தறிக்கும் விழுது உண்டு. அது பாவின் இழைகளைத் தாங்கிப் பிரித்துத் தருவது. நமக்கு அணித்தான மையம் எது என்பதை இவ்வலுவலகத்திலேயே கேட்டறியலாம்.

ஐந்தாம் கதவு சற்றுத் தொலைவில் உள்ளது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில், ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடுகள் உடையோர்க்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. அங்கே 2021 ஜூனில் சிறு குழந்தைகளுக்கான ஆரம்பநிலைப் பயிற்சி மையமும் தொடங்கப்பட்டது. சென்னையில் கேளாக் குழந்தைகளுக்கான பால வித்யாலயா 1969 முதலும், ஆறு வயதுக்கு உட்பட்ட வளர்ச்சித் தாமதமுள்ள குழந்தைகளுக்கான மதுரம் நாராயணன் மையம் 1989 முதலும் பணியாற்றுகின்றன.

சான்றிதழ் பற்றி

உதவித்தொகைக்கும் கருவிகளுக்கும் மருத்துவச் சான்றும் தனித்துவ அடையாள அட்டையும் வேண்டும். 40 விழுக்காடு என்பது பெரும்பாலான உதவிகளுக்கு அடிப்படை அளவு. சிறு குழந்தைகளின் நிலை வளர வளர மாறக்கூடும் ஆதலின், அவர்களுக்குக் குறித்த காலத்திற்கு மட்டும் செல்லும் சான்று தருவது உண்டு. அதைப் புதுப்பிக்க வேண்டிய நாளைக் குறித்துவைத்தல் அவசியம். பிறப்புச் சான்று, ஆதார், குடும்ப அட்டை, புகைப்படங்கள், இதுவரை பார்த்த மருத்துவச் சீட்டுகள் ஆகியவற்றை ஒரே உறையில் வைத்துக்கொண்டால், ஒரு காகிதத்திற்காக இரண்டாம் முறை காஞ்சிபுரம் சென்று வரும் செலவு மிஞ்சும்.

இங்கே ஒன்றை அழுத்தமாகக் கூற வேண்டும். பயிற்சி பெறுவதற்குச் சான்றிதழ் தேவையில்லை. பதிவு முடியட்டும், அட்டை வரட்டும் என்று பயிற்சியைத் தள்ளிப்போடுதல் பெரும் பிழை. விண்ணப்பம் ஒருபுறம் நடக்க, பயிற்சி மறுபுறம் நடக்க வேண்டும்.

திருஞானசம்பந்தர் பாடிய திருமாகறலீசுவரர் கோயிலுக்குப் பிணி தீர வேண்டி வெளியூர்களிலிருந்தும் அன்பர்கள் வருகின்றனர். வேண்டுதல் மனத்திற்குத் திடம் தருகிறது. அத்திடத்தோடு அன்றே பேருந்தேறி மருத்துவமனைக்குச் செல்வதில் எவ்வித முரணும் இல்லை. வேண்டுதலைக் காரணமாக்கி மருத்துவத்தை ஒத்திவைப்பதே தவிர்க்க வேண்டியது.

பிறர் செய்து காட்டிய வழி

"நகரத்தில் இருப்போர்க்கு எல்லாம் கிட்டும், நம் போன்ற சிற்றூரார் என்ன செய்வது?" என்னும் கேள்வி எழலாம். அதற்கு இரு சான்றுகள் தருவோம்.

அமெரிக்க நாட்டின் விஸ்கான்சின் மாநிலத்தில் போர்ட்டேஜ் என்னும் ஊரைச் சுற்றியுள்ள பகுதி, வீடுகள் தொலைவில் சிதறிக் கிடக்கும் நாட்டுப்புறம். அங்கே சிறு குழந்தைகளை நாள்தோறும் ஒரு மையத்திற்குக் கொண்டுவருவது இயலாததாக இருந்தது. ஆகவே 1969-இல் வேறொரு வழியைக் கண்டனர். பயிற்றுநர் வாரத்திற்கு ஒருமுறை வீட்டிற்கு வருவார். குழந்தை அடுத்துக் கற்க வேண்டிய சிறு செயல் ஒன்றைத் தாய்க்குச் செய்து காட்டுவார். மறுவாரம் வரும் வரை தாய் அதை நாள்தோறும் பழக்குவார். மையம் இல்லாத குறையே இம்முறைக்குக் காரணமாயிற்று. இன்று அது பல மொழிகளில் பெயர்க்கப்பட்டு, இந்தியா உள்ளிட்ட பல நாடுகளில் கையாளப்படுகிறது.

மற்றொரு சான்று நம் தமிழ்நாட்டிலேயே உள்ளது. தென்காசிக்கு அருகே ஆய்க்குடியைச் சேர்ந்த ராமகிருஷ்ணன் பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வில் நேர்ந்த விபத்தால் கழுத்துக்குக் கீழ் செயலிழந்தார். சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டாகிய 1981-இல் தம் சொந்த ஊரிலேயே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தசைச் சிதைவு நோயுற்ற பட்டயக் கணக்காளர் சங்கரராமன் பின்னர் அவருடன் இணைந்தார். குழந்தைகள் மையத்திற்கு வருவதோடு அமையாமல், பயிற்சி பெற்ற பணியாளர் கிராமந்தோறும் வீடுகளுக்குச் சென்று தாய்மாருக்குக் கற்பிக்கும் முறையை அச்சங்கம் வளர்த்தது. ராமகிருஷ்ணனுக்கு 2020-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. பெருநகரின் அருகே இல்லாத ஓர் ஊரில் இது நடந்தது என்பதே நாம் கருத வேண்டியது.

மேலே கூறிய சென்னைப் பள்ளிகளிலும் தாய் உடன் அமர்ந்து கற்பது முறைமையாக உள்ளது. இவற்றிலிருந்து நாம் பெறும் பாடம் ஒன்றே. குழந்தையின் தலைமை ஆசிரியர் வீட்டிலேயே இருக்கிறார். நிபுணர் வாரத்தில் ஒரு மணி நேரம் காண்கிறார். மற்ற நேரமெல்லாம் குழந்தை பெற்றோரிடமே இருக்கிறது. கதவுகளைத் தட்டுவது பாதி வேலை. அங்கே கற்றதை வீட்டில் நாள்தோறும் செய்வது மறுபாதி.

தறி வீட்டில் செய்யத் தக்கவை

நம் வீடுகளில் பயிற்சிக்குரிய பொருள்களுக்குப் பஞ்சமில்லை. பட்டு நூலின் நிறங்களைக் கொண்டு நிறம் பிரிக்கக் கற்பிக்கலாம். காலி நூற்கண்டுகளை ஒரு கூடையில் போடுவதும் எடுப்பதும் விரல்களுக்குப் பயிற்சி. நெல், உளுந்து, கொள்ளு ஆகியவற்றைக் கையால் அளையச் செய்வது தொடுவுணர்வை வளர்க்கும். சமைக்கும்போதும் குளிப்பாட்டும்போதும் ஒவ்வொரு பொருளின் பெயரையும் குழந்தையின் முகம் பார்த்துத் திரும்பத் திரும்பச் சொல்வது பேச்சுப் பயிற்சி. இவை விளையாட்டாகவே நடக்க வேண்டும். பயிற்சி என்னும் பெயரால் பிள்ளையைத் தொழிலில் இருத்துதல் கூடாது.

எச்சரிக்கைகளும் உண்டு. செவித்துணைக் கருவி பேச்சொலியோடு தறியின் ஒலியையும் சேர்த்தே பெருக்கித் தரும். ஆகவே பேச்சுப் பயிற்சியைத் தறி நிற்கும் நேரத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். "கருவி போட்டாலே அழுகிறான்" என்று அதைப் பெட்டியில் வைத்துவிடும் வீடுகளில், காரணம் இவ்வோசையாகவும் இருக்கலாம். நடை தடுமாறும் குழந்தை உள்ள வீட்டில் குழித்தறியின் குழியைப் பலகையால் மூடி வைக்க வேண்டும். சாயப் பொருள்களும் பூச்சி மருந்தும் கைக்கு எட்டாத உயரத்தில் இருத்தல் வேண்டும்.

சங்கம் செய்யத் தக்கவை

இனி, மிக முக்கியமான பகுதிக்கு வருவோம். கோர்வைச் சேலை நெய்வதற்கு இருவர் வேண்டும் என்பது காஞ்சி நெசவாளர் அனைவரும் அறிந்தது. பல வீடுகளில் அந்த இரண்டாம் ஆள் மனைவியே. குழந்தையை அழைத்துக்கொண்டு அவர் காஞ்சிபுரம் சென்றால், அன்று தறி நிற்கிறது. இருவர் கூலியும் போகிறது. நடவுக்காலத்தில் உழவர் வீட்டிலும் இதே நிலைதான். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 முதல் மகளிர்க்கும், மாற்றுத்திறனாளிக்கும் அவருக்குத் துணையாக வருபவர்க்கும் கட்டணம் இல்லை. ஆகவே, தடையாக நிற்பது பேருந்துக் கட்டணம் மட்டும் அன்று. இழக்கும் நாட்கூலி அதனினும் பெரிய தடை. முதல் இரண்டு முறை சென்றபின் பலர் நின்றுவிடுவது அன்பின்மையால் அன்று. இக்கூலிக் கணக்கே அதற்குக் காரணம்.

தனியொருவரால் தீர்க்க இயலாத இக்கணக்கைப் பலர் சேர்ந்தால் தீர்க்கலாம் என்பதே கூட்டுறவின் அடிப்படை. சர்வதேசக் கூட்டுறவு ஒன்றியம் 1995-இல் மான்செஸ்டர் நகரில் வகுத்த ஏழு கொள்கைகளுள் ஐந்தாவது கல்வி. ஏழாவது சமூகத்தின்பால் அக்கறை. அவற்றைக் கீழ்க்கண்டவாறு செயலாக்கலாம் என்பது நம் கருத்து.

1. சங்க அலுவலகச் சுவரில் மேற்கூறிய ஐந்து கதவுகளின் முகவரி, பொறுப்பு அலுவலர் பதவி, பார்வை நாள் ஆகியவற்றை எழுதிய பலகை ஒன்று வைத்தல். ஆண்டுக்கு இருமுறை நேரில் விசாரித்து அதைத் திருத்துதல்.

2. எழுதப் படிக்கத் தெரிந்த அங்கத்தினர் இருவரை, அவர்களுள் ஒருவராவது பெண்ணாக, வழித்துணைவராக அமர்த்துதல். முதன்முறை செல்லும் குடும்பத்துடன் உடன் சென்று விண்ணப்பம் எழுத உதவுவது இவர்கள் பணி.

3. ஒரே நாளில் பல குடும்பங்கள் சேர்ந்து செல்ல ஏற்பாடு செய்தல். ஒரு தாய் மற்றொரு தாயைக் காணும்போது அச்சம் பாதி குறையும்.

4. தாய் பயிற்சிக்குச் செல்லும் நாளில், முறை வைத்து அண்டை வீட்டார் ஒருவர் தறியில் துணையாக உட்காருதல். இதற்குப் பணம் தேவையில்லை, மனமே தேவை.

5. நிகர இலாபத்தில் பொதுநல நிதிக்கு ஒதுக்கும் தொகையிலிருந்து, சட்டமும் துணை விதிகளும் இடந்தரும் அளவில், பயணச் செலவுக்கு உதவுமாறு பொதுக் குழுவில் தீர்மானம் கொண்டுவருதல்.

6. வட்டார வள மையத்துப் பயிற்றுநரை ஆண்டுக்கு ஒருமுறை அங்கத்தினர் கல்விக் கூட்டத்திற்கு அழைத்தல்.

இவற்றில் ஒரு நெறியைக் காக்க வேண்டும். எந்த வீட்டில் எந்தக் குழந்தைக்கு என்ன குறை என்பது ஊர்ப் பேச்சாகலாகாது. வழித்துணைவர் அறிந்ததை வெளியிடாதிருத்தல் கடமை. பெண்ணின் மணம் தடைப்படுமோ என்னும் அச்சமே பல வீடுகளில் வாயை அடைக்கிறது. அவ்வச்சம் நீங்கினாலன்றி உதவி பயன்படாது.

பெற்றோர்க்குப் பின்

"எங்கள் கண் மூடிய பின் இவனை யார் பார்ப்பார்?" என்பது பெற்றோர் நெஞ்சில் ஓயாது எழும் கேள்வி. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கிற்கும் 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஒரு வழி வகுத்துள்ளது. பிள்ளைக்கு 18 வயது நிறைந்ததும், அவர் தம் காரியங்களைத் தாமே நடத்த இயலாதவராயின், மாவட்ட அளவிலான குழுவிடம் விண்ணப்பித்துச் சட்டப்படியான பாதுகாவலரை நியமிக்கலாம். பெற்றோரும் பாதுகாவலராகலாம்; உடன்பிறந்தாரும் ஆகலாம். அவ்வறக்கட்டளையின் 'நிராமயா' மருத்துவக் காப்பீடு ஒரு இலட்சம் ரூபாய் வரை செலவை ஏற்கிறது. வீடும் நிலமும் சேர்த்துவைப்பது மட்டும் போதாது. அவற்றைப் பிள்ளையின் பொருட்டு நிர்வகிக்கும் ஏற்பாட்டையும் பெற்றோர் உயிருடன் இருக்கும்போதே செய்து முடிக்க வேண்டும்.

கலந்துரையாடலுக்குரிய வினாக்கள்

1. நம் ஊர் அங்கன்வாடிக்கு மருத்துவக் குழு கடைசியாக வந்தது எப்போது? அன்று வராத குழந்தைகள் எத்தனை பேர்? வராமைக்குக் காரணம் என்ன?

2. நம் ஒன்றியத்தின் வட்டார வள மையம் எங்கே உள்ளது? அங்கே நேரில் சென்று வந்த அங்கத்தினர் யார்?

3. பயிற்சிக்குச் சான்றிதழ் தேவையா? உதவித்தொகைக்குத் தேவையா? இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.

4. வாரம் ஒருநாள் தறியை நிறுத்த வேண்டிய குடும்பத்திற்கு நம் தெருவில் யார் யார் முறை வைத்து உதவ இயலும்? பெயர்களை எழுதுக.

5. சங்கச் சுவரில் வைக்கும் பலகைக்குரிய விவரங்களைத் திரட்டும் பொறுப்பை யார் ஏற்பது? எந்த நாளுக்குள் முடிப்பது?

அடுத்த அங்கத்தினர் கூட்டத்தில் இவ்வைந்தனுள் முதலாவதையும் ஐந்தாவதையுமேனும் தீர்த்துவிடுமாறு சங்கங்களைக் கேட்டுக்கொள்கிறோம். மற்றவை அவற்றைத் தொடர்ந்து நடக்கும்.